காதல் கவிதையைப் படிக்கக் கவிஞரின் காதல் கதை தெரிய வேண்டுமா?

கார்முகில்:

ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டி தன் மனைவி எம்மா இறந்த பிறகு எழுதிய 21 கவிதைகளை முதலில் பின்னணி எதுவும் தெரியாமல்தான் படித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஏன் போனாய் என்று கேட்கும் ஒரு முதியவர். கடலோரக் குன்றுகளில் குதிரையேறிப் போகும் ஒரு பெண். காற்றில் அவள் கூப்பிடுவதுபோல் ஒரு குரல். துயரத்தின் கவிதைகள் என்றே மனதில் தங்கின.

பிறகு வாழ்க்கை வரலாற்றுக்குப் போனேன். 1870இல் கார்ன்வாலில் சந்தித்தார்கள். 1874இல் மணந்தார்கள். பிற்காலத்தில் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு அற்றுப்போயிற்று. எம்மா மேல்தளத்துச் சிற்றறைகளுக்கு ஒதுங்கிக்கொண்டார். 1912 நவம்பர் 27 அன்று இறந்தார். அடுத்த மார்ச் மாதம் 72 வயது ஹார்டி, இருவரும் முதன்முதலில் பழகிய அதே கடற்கரைக்குத் திரும்பப் போய் அங்கெல்லாம் அலைந்தார். 1914இல் ஃப்ளோரன்ஸ் என்ற வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு திரும்பவும் கவிதைகளை எடுத்தால், வேறு கவிதைகள் மாதிரி இருக்கின்றன. அவர் அழைப்பது 1912இல் இறந்த பெண்ணை இல்லை, 1870இல் பார்த்த பெண்ணை. நடுவில் உள்ள நாற்பது ஆண்டுகளைத் தாண்டிப் போய் மன்னிப்புக் கேட்கிறார். நான் துயரம் என்று படித்ததன் அடியில் குற்றவுணர்வு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: 'குரல்' என்ற கவிதையிலேயே இது இருக்கிறது. எனக்கு எல்லாமுமாக இருந்த நிலையிலிருந்து நீ மாறிப்போயிருந்தாயே, அப்படி இல்லை இப்போது, தொடக்கத்தில் இருந்தபடி இருக்கிறாய் என்றுதான் அவர் எழுதுகிறார். வாழ்க்கை வரலாறு புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த வரியின்மேல் விளக்கைத் திருப்பியது.

ஆகவே என் கேள்வி. கவிஞரின் காதல் வாழ்க்கை அவருடைய காதல் கவிதையை எப்படி உருவாக்குகிறது? வாசகருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமா, தெரியாமலிருப்பதே நல்லதா?

சுவடியான்:

இந்தக் கேள்விக்குத் தமிழ் மரபு ஒரு விதியே வகுத்துவிட்டது, கார்முகில். தொல்காப்பியம் அகத்திணையியலில் வருகிறது:

"மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும்
சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்"

காதலைப் பாடும்போது இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அது அகம் இல்லை, புறம். இதை எவ்வளவு கறாராகப் பிடித்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை போதும். பிரிந்த தலைவி கட்டிலில் தூக்கமின்றிக் கிடக்கிறாள், தலைவன் நள்ளிரவில் பாசறையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அகப்பாட்டுக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு. ஆனால் 'வேம்பு தலை யாத்த' வேல் என்று ஒரு தொடர் வருகிறது. வேப்பம்பூ பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு பூவினால் தலைவன் யார் என்று தெரிந்துவிடுகிறது, எனவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார்.

கபிலரை எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சி என்றாலே கபிலர். களவுக் காதலின் படபடப்பை அவரளவுக்குத் தொட்டவர் யாருமில்லை. 'யாரும் இல்லை தானே கள்வன்' என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டில், இருவரும் கூடியதற்குச் சாட்சி ஒரு குருகுதான் என்று ஒரு பெண் நடுங்குகிறாள். கபிலரின் வாழ்க்கையாக நமக்கு எது தெரியும்? பாரியின் நட்பு, பாரி இறந்தபின் அவன் மகளிருக்காக அலைந்தது, வடக்கிருந்தது. அவர் காதலித்த பெண் என்று ஒருத்தியின் சுவடுகூட இல்லை. மாறோக்கத்து நப்பசலையார் அவரைப் 'புலன் அழுக்கற்ற அந்தணாளன்' என்று புகழ்கிறார். அந்தக் குருகின் அருகில் நிற்கும் பெண்ணைப் புரிந்துகொள்ள எனக்குக் கபிலரின் சொந்தக் கதை ஒருபோதும் தேவைப்படவில்லை.

பின்னிரவு:

ஐயா, அப்படியானால் நக்கண்ணையாரை எங்கே வைப்பீர்கள்? பெருங்கோழிநாய்கன் மகள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்மேல் கொண்ட காதலைத் தன் குரலிலேயே பாடுகிறார். அம்மாவுக்குப் பயம், அவைக்கு வெட்கம், நடுவில் கிடந்து தவிப்பு. அவன் கூழ் குடித்தும் தோள் பெருத்திருக்கிறான், நான் அவன் இருப்பிடத்தின் புறச்சுவருக்குப் பின்னால் இருந்தே பசலை பூத்துப் பொன்னிறமாகிவிட்டேன் என்கிறார். இது காதல் கவிதை இல்லையா?

சுவடியான்:

காதல் கவிதைதான், நல்ல கவிதையும்கூட. ஆனால் தொகுத்தவர்கள் அந்த மூன்று பாட்டுகளையும் புறநானூற்றில் 83, 84, 85 என்றுதான் வைத்தார்கள். அவன் யாரென்று தெரிகிறது, அவளுடையது ஒருதலைக் காதல், கைக்கிளை. பேகன் என்ற வள்ளலின் கதையும் அப்படியே. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் போய், அவளிடம் திரும்பிப் போ என்று பாடினார்கள். பிரிவு, கண்ணீர், தனிமை, எல்லாம் அகத்தின் பொருள். பெயர் இருப்பதால் புறம்.

எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் இரண்டு வகைக் காதல் கவிதைகளையும் அறிந்திருந்தார்கள், இரண்டையும் கலக்காமல் வைத்தார்கள். நக்கண்ணையார் பேரில் அகப்பாட்டுகளும் உண்டு. அவற்றில் கிள்ளியைத் தேடுவது வீண். அதே பெண், அதே நெஞ்சு, ஆனால் அங்கே அவர் வேறொரு வேலையைச் செய்கிறார்.

தும்பை:

விதி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் வாசகர்கள் அதை ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் பயன்படுத்துகிறார்கள். நான் கவிதை எழுதுகிறவள். அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு முறை, மனைவியை இழந்த ஓர் ஆணின் குரலில் எழுதினேன். கற்பனை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அடுத்து, காதலன் வராமல் போன பெண்ணின் குரலில் எழுதினேன். உறவினர்கள் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நண்பர்கள் 'யாரு அவரு?' என்று கேட்டார்கள். இரண்டு கவிதையும் ஒரே மேசையில், ஒரே மாதத்தில் எழுதியவை. இரண்டாவதில் மட்டும் என் கற்பனை எங்கே போயிற்று?

வெள்ளிவீதியாருக்கு நேர்ந்ததும் இதுதான். அவர் கணவனைப் பிரிந்து தேடி அலைந்தவர் என்று ஒரு கதை உண்டு. அதன் கண்ணாடி வழியாகவே அவர் பாட்டுகள் எல்லாம் படிக்கப்படுகின்றன. கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திப்போன பால் என்று தன் அழகைச் சொல்லும் பாட்டை எடுத்தவுடன், 'பாவம், தன் கதையைப் பாடுகிறார்' என்பார்கள். குறுந்தொகை 58ஐ மட்டும் யாரும் அப்படிப் படிப்பதில்லை:

"ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய்"

சுடுபாறையில் உருகும் வெண்ணெய். காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, கத்தப் பேச்சும் இல்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காதல் நோய்க்கு இதைவிடக் கொடுமையான படம் எங்கும் நான் படித்ததில்லை. இதைப் பேசுவது தலைவன், தன்னைக் கண்டிக்கும் நண்பர்களிடம் சொல்கிறான். எழுதியது வெள்ளிவீதியார். கைவிடப்பட்ட பெண் என்ற கதைக்குள் இந்தப் பாட்டு அடங்காது. அடங்காததால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் சுமார் 1800 கவிதைகள் எழுதினார். அவற்றுள் தீயாக எரியும் காதல் கவிதைகள் உண்டு. அவர் 'எஜமானரே' என்று விளித்து எழுதிய மூன்று கடித வரைவுகள் கிடைத்தன. யார் அந்த எஜமானர் என்று தலைமுறை தலைமுறையாகத் தேடுகிறார்கள். அண்ணி சூசனுக்கு எழுதிய கடிதங்களை வைத்து இன்னொரு தேடல். வீட்டுக்குள்ளேயே பெரும்பாலும் இருந்த ஒரு பெண் அவ்வளவு பெரிய ஆசையை எழுத முடியுமானால் வெளியில் ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். கபிலரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஏடுபுரட்டி:

எல்லோரும் வாழ்க்கை கவிதையை உருவாக்குகிறது என்ற பக்கமிருந்தே பேசுகிறீர்கள். எதிர்த்திசையும் உண்டு. கவிதை வாழ்க்கையை உருவாக்கும்.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தான் பாடிய காதலி லாராவை முதலில் பார்த்தது 1327 ஏப்ரல் 6, அவிஞோன் நகரத்துத் தேவாலயத்தில், காலை வேளையில். லாரா இறந்தது 1348 ஏப்ரல் 6, அதே நேரத்தில். இதைத் தன்னிடமிருந்த வர்ஜில் கவிதை நூலின் பிரதியில் அவரே குறித்து வைத்திருக்கிறார். முதல் சந்திப்பு நடந்தது புனித வெள்ளியன்று என்று கவிதையில் சொல்கிறார், உலகமே துக்கத்தில் இருந்த நாளில் என் துக்கமும் தொடங்கியது என்று. ஆனால் 1327இல் ஏப்ரல் 6 திங்கட்கிழமை. அந்த ஆண்டு புனித வெள்ளி அதற்கு நான்கு நாள் பின்னால் வந்தது.

பொய் சொன்னார் என்று இதை வைத்து நான் முடிவுகட்ட மாட்டேன். 366 கவிதைகளாக ஒரு காதலை அடுக்கியவர், தன் நினைவையும் அதே கட்டுக்கோப்பில் அடுக்கிக்கொண்டார் என்றே படிக்கிறேன். அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய நண்பர், பிஷப் ஜாக்கமோ கொலோன்னா, லாரா என்று ஒருத்தி உண்டா, கவிஞர்களுக்குப் புகழாகச் சூட்டும் லாரல் இலைக்கிரீடத்துக்குத்தான் அந்தப் பெயரை வைத்தாயா என்று சந்தேகப்பட்டார். பெட்ரார்க் மறுத்துக் கடிதம் எழுதினார். இதற்கிடையில் அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், லாராவுக்கு அல்ல. அந்தப் பிள்ளைகளின் தாய்க்கு அந்த 366இல் இடமில்லை.

இன்னோர் இத்தாலியக் கவிஞர் தாந்தேயும் அப்படியே. பெயாத்ரிசை ஒன்பது வயதில் பார்த்தார். அவள் வேறொருவரை மணந்தாள், 1290இல் இறந்தாள். அவளைச் சொர்க்கம்வரை கொண்டுபோய் நிறுத்தினார். கட்டிய மனைவி ஜெம்மாவுக்கு ஒரு வரியும் இல்லை. ஜெம்மா எப்படிப்பட்டவர், அவருடன் எப்படி வாழ்ந்தார் என்பது இந்தக் கவிதைகளில் துளியும் ஒட்டவில்லை. எது கவிதைக்குள் வந்தது என்பதைவிட எது வராமல் தடுக்கப்பட்டது என்பதையே நான் வாழ்க்கை வரலாற்றில் தேடுகிறேன். ஒரு கவிஞருக்குக் காதல் என்றால் என்ன என்பது அங்கேதான் தெரிகிறது.

பின்னிரவு:

ஏடுபுரட்டி எழுதியதைப் படித்தால், கிடைக்காத காதல்தான் கவிதையாகும் என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதரவாகப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஐரிஷ் கவிஞர் யேட்ஸ், அவர் காதலித்த மாட் கான் கதையை இதற்காகவே எடுத்து நீட்டுவார்கள். 1889இல் பார்த்தார், திரும்பத் திரும்ப மணக்கக் கேட்டார், திரும்பத் திரும்ப மறுத்தாள், 1903இல் வேறொருவரை மணந்தாள். நான் உன்னைக் கட்டிக்கொள்ளாததற்கு உலகம் எனக்கு நன்றி சொல்லும் என்று அவள் சொன்னதாக அவளே எழுதியிருக்கிறாள். நல்ல கதைதான், அதனாலேயே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காதலில் தோற்றவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். தோல்வி ஒருவரைக் கவிஞராக்கும் என்றால் உலகில் உரைநடையே இருக்காது.

ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பேரட்டைப் பாருங்கள். 1845-46இல் ராபர்ட் பிரவுனிங் அவரை விரும்பிவந்த நாட்களிலேயே 44 சானெட்டுகளை, அதாவது பதினான்கு வரிக் கவிதைகளை, எழுதிவிட்டார். மணமும் நடந்தது. மணந்து ஆண்டுகள் கழித்துத்தான் கணவரிடமே காட்டினார். 1850இல் அச்சிட்டபோது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து பெயர்த்தவை என்று தோன்றும்படி தலைப்பு வைத்தார்கள். கிடைத்த காதல் அது, நிறைந்த காதல், அதற்கும் ஒரு முகமூடி வேண்டியிருந்தது. சுவடியான் ஐயா சொன்ன விதியை வேறு வழியில் அவர்களும் கண்டுகொண்டார்கள் போலிருக்கிறது.

இன்னும் அருகில், பாரதிதாசன். குடும்ப விளக்கின் கடைசிப் பகுதி முதியோர் காதல். கிழவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறார்: புதுமலர் இல்லை, காய்ந்த புற்கட்டு. முகம் நிலவு இல்லை, வறண்ட நிலம். பிறகு எது இன்பம் தருகிறது என்றால், 'இருக்கின்றாள் என்ப தொன்றே.' பிரிவு இல்லை, ஏக்கம் இல்லை, மறுப்பு இல்லை. பல பத்தாண்டுகள் கூடவே இருந்ததை மட்டும் வைத்து இந்த வரியை எட்ட முடிந்திருக்கிறது. என் கணக்கில் தமிழின் மிகப் பெரிய காதல் வரிகளில் ஒன்று. இதற்கும் அவருடைய சொந்த மணவாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் நூல் எழுதுவதில்லை. சந்தோஷமான குடும்பத்தில் துப்புத் துலக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

நெய்தல்:

எல்லோரும் அழகான உதாரணங்களையே எடுத்துவைக்கிறீர்கள். நான் ஒரு கடினமான பெயரைச் சொல்கிறேன். சிலி நாட்டுக் கவிஞர் நெரூதா.

20 வயது நிறையும் முன்பே, 1924இல், 20 காதல் கவிதைகளை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றவர். 1929இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் இருந்தார். அவர் இறந்தபின் 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் அந்த நாட்களைப் பற்றி எழுதுகிறார். தினமும் அதிகாலையில் அவர் வீட்டுக் கழிவறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதி என்று அவரே குறிப்பிடுகிறார். அவர் கொடுத்த பரிசுகளை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு காலை அவள் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துப் போனார். அவள் கண்களைத் திறந்தபடி, எந்த அசைவும் இல்லாமல் கிடந்தாள், ஒரு மனிதனும் ஒரு சிலையும் சந்தித்ததுபோல் இருந்தது, அவள் என்னை வெறுத்தது நியாயம்தான் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

நான் தமிழ்ப் பெண். அந்தப் பக்கத்தை மற்ற நாட்டு வாசகர் படிப்பதுபோல் என்னால் படிக்க முடியாது. அந்த 20 கவிதைகளில் 15ஆவது, நீ மௌனமாக இருப்பது எனக்குப் பிடிக்கிறது, இங்கே இல்லாததுபோல் இருக்கிறாய் என்று தொடங்குகிறது. முன்பெல்லாம் அதை மென்மை என்று படித்தேன். இப்போது அந்தப் பேசாத பெண் யார், அவள் மௌனத்தை யார் விரும்புகிறார் என்ற கேள்வி வந்து நிற்கிறது. அது கொழும்புக்கு ஐந்தாண்டு முன்பு எழுதியது. இவளைப் பற்றியது இல்லை. தெரிந்தும் அந்தக் கேள்வி போகவில்லை.

இங்கே பெயர் வேண்டாம் என்ற விதி என்ன செய்யும், ஐயா? அவளுக்கும் பெயர் இல்லை.

சுவடியான்:

நெய்தல், இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர் இல்லையென்றாலும் பேச்சு உண்டு. தோழியிடம் பேசுகிறாள், நெஞ்சிடம் பேசுகிறாள், தலைவனைத் திட்டுகிறாள், கதவடைக்கிறாள். பேச்சு முழுக்க அவளிடம் இருப்பதால்தான் பெயர் இல்லாதது அவளுக்குக் காப்பாகிறது. நீங்கள் சொன்ன பக்கத்தில் பேச்சு முழுக்க அவனிடம் இருக்கிறது. அங்கே பெயரில்லாமை அவளை அழிக்கத்தான் உதவியிருக்கிறது.

ஏடுபுரட்டி:

இதே நெரூதா 1952இல் 'கேப்டனின் கவிதைகள்' நூலைத் தன் பெயர் போடாமல் நேப்பிள்ஸில் அச்சிட்டார். மத்தில்தேமீது காதல், ஆனால் அப்போது டெலியா மனைவியாக இருந்தார். அவரைப் புண்படுத்தக் கூடாது என்று மறைத்தார். 1959இல் 100 சானெட்டுகளை வெளிப்படையாகவே மத்தில்தேவுக்குப் படைத்தார். ஒரு பெண்ணின் மனம் நோகும் என்று தன் பெயரையே விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர், இன்னொரு பெண்ணை அப்படி நடத்தியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவர் வாழ்க்கை அவர் கவிதையை உருவாக்கியது என்று பேசுவதில் நேர்மை இல்லை. யாரைச் சமமான ஆளாகக் கண்டார் என்பதும் காதல் வாழ்க்கைதான்.

உப்புக்காற்று:

நான் இங்கே எழுதுவது குறைவு. ஆனால் இந்த இழையில் கவிஞரும் வாசகரும் பேசிவிட்டார்கள், கவிதைக்குள் மாட்டிக்கொண்டவர் இன்னும் பேசவில்லை. நான் அப்படி ஒருத்தி. என்னோடு சில காலம் இருந்த ஒருவர் பிரிந்தபின் என்னைப் பற்றிக் கவிதைகள் வெளியிட்டார். பெயர் இல்லை. ஆனால் நான் அவருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வாக்கியம் அப்படியே அவருடைய வரியாக அச்சில் இருந்தது. பலர் அந்த வரியைத்தான் எடுத்துப் பாராட்டினார்கள்.

அதனால் கார்முகில் தொடங்கிவைத்த எம்மாவைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். எம்மா தன் இளமைக்கால நினைவுகளை ஒரு கையெழுத்துப் பிரதியாக எழுதிவைத்திருந்தார். இறந்தபின் ஹார்டி அதைக் கண்டெடுத்தார். கடலோரம், குதிரை, அவள் வளர்ந்த இடம் என்று அந்தக் கவிதைகளில் உயிரோடு வரும் பலவும் அந்த ஏட்டிலிருந்து எடுத்தவை. கணவரைப் பற்றிக் கசப்பாக எழுதிய டயரிகளும் கிடைத்தன. அவற்றை எரித்துவிட்டார். அவளுடைய இனிய சொற்கள் அவர் கவிதைக்குள் போயின, கசந்த சொற்கள் அடுப்புக்குள் போயின. அந்தக் கவிதைகள் பெரியவை, நானும் அழுதுகொண்டுதான் படித்தேன். ஆனால் அட்டையில் ஒரு பெயர் மட்டும் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

ஆங்கிலக் கவிஞர் தாந்தே காப்ரியேல் ரொசெட்டி இன்னும் ஒரு படி மேலே போனார். மனைவி எலிசபெத் சிடல் 1862இல் இறந்தபோது தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை அவளுடனேயே புதைத்தார். 1869இல் கல்லறையைத் தோண்டி அதைத் திரும்ப எடுக்கச் செய்து, மறு ஆண்டு நூலாக்கினார். கொடுத்ததைத் திருப்பி எடுக்க அவளிடம் அனுமதி கேட்க வழியில்லை.

கார்முகில்:

உப்புக்காற்று, அந்த ஏட்டைப் பற்றி நீங்கள் சொன்னபின் அந்தக் கவிதைகளில் 'நீ' வரும் இடங்களை எல்லாம் குறித்துக்கொண்டிருக்கிறேன். எது அவர் கண்டது, எது அவள் சொன்னது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எம்மாவின் நினைவுக் குறிப்புகள் தனி நூலாகவே வந்திருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடியும்.

இலைச்சருகு:

தாமதமாக வருகிறேன். வாழ்க்கை தெரியாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதையும் பேச வேண்டும். வாழ்க்கையை உண்டாக்கிக்கொள்கிறோம்.

திருவள்ளுவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் வாசுகி என்று ஒரு மனைவியை மரபு அவருக்குக் கொடுத்திருக்கிறது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஓர் ஊசியும் கிண்ணத்தில் நீரும் வைக்கச் சொல்வாராம், ஏன் என்று அவள் சாகும் தறுவாய்வரை கேட்கவே இல்லையாம். இப்போது காமத்துப்பாலுக்குப் போங்கள்:

"வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று"

தும்மினான், வாழ்த்தினாள், உடனே யாரை நினைத்துத் தும்மினீர் என்று அழுதாள். அடுத்த குறளில் தும்மலை அடக்குகிறான். யாரோ நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். ஒரு தும்மலுக்கே கணக்குக் கேட்கும் பெண்ணை 250 குறள்களில் உயிரோடு உலவவிட்டவருக்கு, ஊசிக்குக் காரணம் கேட்காத மனைவியைக் கட்டிவைத்திருக்கிறோம். அவள் நமக்கு வேண்டிய மனைவி. அந்தக் குறள்கள் அவளிடமிருந்து வரவில்லை.

பாரதியிடம் இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அவர் தாமே சொல்லிவிடுகிறார். 'கனவு' என்ற தன்வரலாற்றுப் பாட்டில் சிறுவயதில் ஒரு சிறுமியின்மேல் கொண்ட பிள்ளைக் காதலை மனம் உருகப் பாடுகிறார், பிறகு தந்தை தனக்கு மணம் செய்துவைத்ததையும். 1897இல் செல்லம்மாவை மணந்தபோது அவருக்கு 14 வயது, செல்லம்மாவுக்கு 7. இத்தனை திறந்த வாக்குமூலம் இருந்தும் 1917இல் வந்த கண்ணன் பாட்டின் கண்ணம்மாவை அந்தச் சிறுமி என்றோ செல்லம்மா என்றோ பிடித்துவிட முடிகிறதா? அதே கண்ணம்மா ஒரு பாட்டில் காதலி, இன்னொன்றில் குழந்தை, இன்னொன்றில் குலதெய்வம். கண்ணனோ காதலன், தோழன், சேவகன், குரு, அரசன். யாரையோ மறைக்கப் போட்ட திரையாக எனக்கு இது படவில்லை. தனக்குத் தெரிந்த எல்லா அன்பையும் ஒரே பெயரில் குவிக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகி என்று பெண்ணாகப் பேசியதும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகப் பேசியதும் அவருக்குப் பின்னால் நின்றன. வாழ்க்கையில் நேர்ந்த காதல் அவருக்கு ஆசையின் ருசியைத் தந்திருக்கலாம். அதை எந்த வடிவில் சொல்வது என்பதைப் பாசுரங்களிலிருந்து கற்றார்.

தும்பை:

இலைச்சருகு சொன்னதை என் தொழிலின் பக்கமிருந்து ஆமோதிக்கிறேன். நேர்ந்ததை எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது புகார்தான். யார் என்ன சொன்னார், எந்த நாள், என்ன உடுத்தியிருந்தார். அதெல்லாம் கடிதம். அந்த ஆளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, தோழி என்று ஒருத்தியைக் கொண்டுவந்து அவளிடம் சொல்வதுபோல் எழுதிப் பார்ப்பேன். அப்போதுதான் எனக்கே தெரியாமல் இருந்தது வெளியில் வரும். சில நேரம் தலைவனின் குரலில் எழுதும்போதுதான் என் பக்கத்துக் குறை எனக்குக் கேட்கும். உப்புக்காற்று, உங்கள் வாக்கியத்தை எடுத்துக்கொண்டவர் இதைச் செய்யவில்லை. உங்கள் குரலை எடுத்துத் தன் குரலாக்கினார், உங்கள் குரலில் நின்று தன்னைப் பார்க்கவில்லை.

சுவடியான் ஐயாவிடம் ஒரு கேள்வி. பெயர் சுட்டக் கூடாது என்ற விதி அவ்வளவு கறாரானது என்றால், ஔவையார் எப்படி வெள்ளிவீதியின் பெயரை அகநானூற்றிலேயே சொன்னார்?

சுவடியான்:

கேட்க வேண்டிய கேள்வி. அகநானூறு 147. தலைவன் பிரிந்து போய்விட்டான், தலைவி அவன் சென்ற வழியே தானும் போகத் துடிக்கிறாள்:

"வெள்ளி வீதியைப் போல நன்றும்
செலவுஅயர்ந் திசினால் யானே"

வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுப் போக விரும்புகிறேன் என்கிறாள். விதி மீறப்படவில்லை, ஏனென்றால் வெள்ளிவீதி இங்கே தலைவி இல்லை, உவமை. காதலிக்கிறவளின் பெயரைத்தான் சொல்லக் கூடாது. அவள் யாரைப் போல இருக்கிறாள் என்று சொல்லத் தடையில்லை.

இதற்கு முந்திய கண்ணியும் உண்டு. வெள்ளிவீதியாரே அகநானூறு 45இல், காதலனை இழந்த ஆதிமந்தியைப் போல நானும் பித்துப்பிடித்து அலைவேனோ என்று பாடுகிறார். ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனதாகச் சொல்லும் கதையின் ஆதிமந்தி. அந்த ஆதிமந்தியார் பேரிலும் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது, 31ஆவது. வீரர் கூடும் விழாவிலும், பெண்கள் துணங்கை ஆடும் இடத்திலும், எங்கும் அவனைக் காணவில்லை என்கிறாள். அதில் எந்தப் பெயரும் இல்லை, ஆற்றின் பெயரும் இல்லை. நானும் ஆடுகளத்துப் பெண், அவனும் ஆடுகளத்து ஆண் என்பதோடு சரி.

தும்பை, நீங்கள் சொன்ன கண்ணாடியை ஔவையாரும் அணிந்திருந்தாரா என்று கேட்கலாம். அப்படி எனக்குத் தோன்றவில்லை. அவர் 'பாவம்' என்று சொல்லவில்லை. வெள்ளிவீதி புறப்பட்டுப் போனாள், எனக்கு அது இன்னும் முடியவில்லை, இருந்த இடத்திலேயே செயலற்றுக் கிடக்கிறேன் என்கிறாள் அந்தத் தலைவி. இரக்கமாக இல்லை, பொறாமைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தும்பை:

'பொறாமைக்குப் பக்கத்தில்' என்பதை எடுத்துக்கொள்கிறேன், ஐயா. 31, 45, 147 மூன்றையும் இந்த வரிசையில் வைத்து, முழுப் பாட்டும் உரையும் போட்டுத் தனி இழை தொடங்குங்கள். நெய்தலும் உப்புக்காற்றும் அங்கே வர வேண்டும். 147ஐப் பற்றி முதலில் அவர்கள் இருவரும் எழுதட்டும்.